ரெபரன்ஸுக்கு யார் பெயரைப் போடுவது: தோட்டத்துத் துரையா, நம் வேலையைப் பார்த்தவரா?

மலைச்சாரல்:
எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனியின் கிளைக்கு அலுவலக உதவியாளர் கேட்டிருக்கிறார்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, விலாசம், தொலைபேசி இலக்கம் எழுத வேண்டும். நான் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் முடித்து, கணினிப் பயிற்சியில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) நான்காம் மட்டமும் எடுத்திருக்கிறேன். டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் தட்டச்சு, போட்டோகொப்பி, ரீலோட், மாதக் கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மனேஜரான பெரிய துரையின் பெயரையும் தொழிற்சங்கத்து மாவட்டத் தலைவரின் பெயரையும் போடச் சொல்கிறார் அப்பா. "கடைக்காரனின் பெயரைப் போட்டால் யார் மதிப்பார்கள்?" என்று கேட்கிறார். எனக்கோ கடை முதலாளியையும், கணக்கீடு படிப்பித்த டீச்சரையும் போடத்தான் விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய தலவாக்கலையான்:
அப்பா சொல்வதைக் கேள் மகள். அவர் அனுபவத்தில் பேசுகிறார். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது கடிதம் வருவதும் தோட்டத்து ஒபீஸுக்குத்தான், வெளியே ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் போய் நிற்பதும் அங்கேதான். 1948இல் தோட்டத் தமிழர்களான எங்களிடமிருந்து பறிபோன பிரஜாவுரிமை, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எங்களில் பலருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 'இவன் இன்னார் மகன், இந்த நாட்டுக்காரன்' என்று சொல்ல ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டார். லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, விலாசத்தைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துரையின் பெயர் இருந்தால் இரண்டாம் தடவை எடுத்துப் பார்ப்பார்கள்.

மட்டக்குளி மஸ்கெலியான்:
ஐயா சொல்லும் சரித்திரம் உண்மை. என் தாத்தாவின் கதையும் அதேதான். ஆனால் நான் கொழும்பில் ஒரு கம்பனியின் ஆளணிப் பிரிவில் இருக்கிறேன், ரெபரன்ஸுக்குத் தொலைபேசி எடுப்பது என் வேலை. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு பையன் பெரிய தோட்டமொன்றின் மனேஜரைப் போட்டிருந்தான். அழைத்தேன். மனுஷன் மரியாதையாகத்தான் பேசினார். "கொஞ்சம் இருங்கள்" என்று கிளார்க்கிடம் விசாரித்துவிட்டு, "அந்தப் பெயரில் ஒரு பையன் கீழ்ப்பிரிவில் இருக்கிறானாம், நல்ல குடும்பமாம்" என்றார். என் கையில் இருந்த தாளில் நேரம் தவறாமை, பணம் கையாளும் நேர்மை, சக ஊழியர்களோடு பழக்கம் என்று கட்டங்கள். ஒன்றையும் நிரப்ப முடியவில்லை.

அதே வாரம் இன்னொரு பிள்ளைக்காக ஒரு மருந்துக் கடை உரிமையாளரை அழைத்தேன். "கல்லாப்பெட்டி மூடும்போது பத்து ரூபா குறைந்தாலும் வீட்டுக்குப் போக மாட்டாள் சேர், பில் புத்தகத்தை முதலிலிருந்து பார்ப்பாள்" என்றார். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. தங்கச்சி, நிதிக் கம்பனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பழைய தலவாக்கலையான்:
தம்பி, நீங்கள் சொல்வது நேர்முகத்துக்கு வந்தவர்களின் கதை. விண்ணப்பக் கட்டிலிருந்து யாருடையதை வெளியே எடுப்பது என்று முடிவு செய்யும்போது யாரும் போன் எடுப்பதில்லை. அந்த இடத்தில் பெயர்தான் பேசுகிறது. இன்னொன்று. கொழும்பிலிருந்து அழைப்பவர் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ ஆரம்பிப்பார். டவுன் கடைக்காரர் திணறினால் பிள்ளையின் வாய்ப்புப் போய்விடும். துரை இரண்டிலும் தடுமாறாமல் பேசுவார்.

மட்டக்குளி மஸ்கெலியான்:
மொழி விஷயம் நியாயம் ஐயா, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்தில் 'தமிழில் பேசுவார்' என்று எழுதினால் போதும், எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவோம். ஹட்டன் கிளைக்கு ஆள் எடுக்கும் கம்பனியில் தமிழ் பேசுகிறவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

கட்டிலிருந்து எடுக்கும் கதைக்கு வருவோம். நான் பார்த்தவரை முதலில் பார்ப்பது தகைமையையும் அனுபவத்தையும். கடைசிப் பக்கத்துக்குப் போவது பிறகுதான். அதோடு துரைமார் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கம்பனி மாற்றும்போது அவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாங்கள் அழைக்கும் நாளில் அந்த பங்களாவில் வேறொருவர் இருப்பார்.

பதுளை டீச்சர்:
ரெபரன்ஸ் அழைப்பு வரும் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன். ஆண்டு 9க்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது போன் வரும். "உங்கள் மாணவி இன்னார் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். முதலெழுத்துகளோடு ஒரு நீண்ட பெயர். எனக்கு ஆளே பிடிபடாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வகுப்பில் எல்லோரும் கூப்பிட்டது வேறு பெயர். நம் பக்கத்தில் இது எத்தனை வீடுகளில் இருக்கிறது! நான் யோசித்துக்கொண்டு நிற்கும் அந்த நேரத்திலேயே அழைத்தவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பிறகு அந்தப் பிள்ளை யாரென்று தெரிய வரும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்திருப்பாள்.

அதனால் மகள், யாரைப் போட்டாலும் முதலில் கேள். எந்தக் கம்பனி, என்ன வேலை, எந்தப் பெயரில் விண்ணப்பிக்கிறாய், எந்த ஆண்டு எங்களிடம் படித்தாய் என்று ஒரு மெசேஜ் போடு. உன் படிப்பு, அனுபவ விபரம் உள்ள சீவியையும் அனுப்பு. எங்கள் பாடசாலை இருக்கும் பள்ளத்தில் சில நேரம் சிக்னல் கிடைக்காது. எத்தனை மணிக்கு அழைக்கலாம் என்று டீச்சரிடம் கேட்டு அதையும் எழுது.

கேட்கும்போது அவர் முகத்தையும் பார். "ம்... போடுங்களேன்" என்று இழுத்தால் வேறு ஆளைத் தேடு. மனமில்லாதவர் போனிலும் அப்படித்தான் இழுப்பார்.

கொட்டகலைப் பையன்:
இடையில் ஒரு கேள்வி. வர்த்தமானியில் வந்த அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தேன், அங்கே சமாதான நீதவான் கையெழுத்துப் போட்டார். அவரையே இதற்கும் போடலாமா?

பதுளை டீச்சர்:
அது வேறு தம்பி. அங்கே அவர் அத்தாட்சிப்படுத்தியது உங்கள் கையொப்பத்தை. அரசாங்கப் பாடசாலை அதிபர், சட்டத்தரணி, நொத்தாரிசு போன்றவர்களும் அதைச் செய்யலாம். கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் சான்றிதழ் உங்கள் வதிவிடத்துக்கும் நடத்தைக்கும். இவர்கள் யாரும் நீங்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும் என்று இல்லை. ரெபரன்ஸுக்குப் பார்த்தவர்தான் வேண்டும்.

கொட்டகலைப் பையன்:
நன்றி டீச்சர். அப்போ என் நிலைமைக்கு என்ன செய்வது? கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். விலகும்போது முதலாளியோடு வாக்குவாதம். சேவைக் கடிதம் தர மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அந்த அனுபவத்தையே சீவியில் போடாமல் விடலாமா என்று யோசிக்கிறேன்.

மட்டக்குளி மஸ்கெலியான்:
விட வேண்டாம் தம்பி. இடையில் ஒரு வெற்றிடம் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். முதலாளி பேசாவிட்டால் உங்களுக்கு மேலே இருந்த சுப்பர்வைசர், கெஷியர் யாராவது பேசலாம். அவர் இப்போது வேறு இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, 'முன்னாள் சுப்பர்வைசர்' என்று போடுங்கள். உங்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டியிருந்தால் அந்தக் கணக்குக் கூற்று இருக்கிறது. உங்களிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12. எந்தக் காலத்துக்குப் பணம் விழுந்தது என்பதே நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி. கட்டவே இல்லையென்றால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். ஒரேயொரு ஊழியர் இருக்கும் கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

நேர்முகத்தில் கேட்டால் "கருத்து வேறுபாட்டில் விலகினேன்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். முதலாளியைத் திட்ட வேண்டாம்.

பழைய தலவாக்கலையான்:
இவ்வளவு பேரும் சொல்வதைப் பார்த்தால் நான் ஒரு பாதி இறங்கி வருகிறேன். ஒன்று டீச்சர், மற்றது துரை. இப்படிப் போட்டால் இரண்டு பக்கமும் சரிதானே? மாவட்டத் தலைவரை விடுவதில் எனக்கு மறுப்பில்லை. கம்பனிக்காரர்களுக்குச் சங்கம் என்றாலே முகம் சுருங்கும், அது தெரிந்த கதை.

மட்டக்குளி மஸ்கெலியான்:
துரைக்கு இந்தத் தங்கச்சியைத் தெரிந்திருந்தால் நானே போடச் சொல்வேன் ஐயா. தோட்டத்து ஒபீஸில் வேலை பழகியிருந்தால், அவர் நேரில் பார்த்திருந்தால் சரி. இல்லாவிட்டால் அவர் கிளார்க்கிடம் கேட்டுத்தான் சொல்லுவார். கிளார்க் கொழுந்துக் கணக்கைப் பார்த்து அம்மாவைப் பற்றிச் சொல்லுவார். பிள்ளையைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

எனக்கு இதில் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. அம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்துப் பிள்ளையை உயர்தரம் வரை படிக்க வைக்கிறார். அந்தப் பிள்ளை சொந்தக் கையால் கடைக் கணக்குப் பார்க்கிறாள். அதற்குப் பிறகும் அவளுடைய யோக்கியதைக்கு பங்களாவிலிருந்துதான் சாட்சி வர வேண்டுமா?

பழைய தலவாக்கலையான்:
கோபம் நியாயம் தம்பி. ஆனால் கோபத்தால் வேலை கிடைக்காது. என் மகனுக்கு பங்களாவிலிருந்து கிடைத்த கடிதத்தால்தான் முதல் வேலை கிடைத்தது. அதை நான் எப்படி மறப்பேன்?

மலைச்சாரல்:
ஐயா, உங்கள் மகனை அந்தத் துரைக்கு நேரில் தெரியுமா?

பழைய தலவாக்கலையான்:
தெரியும் மகள். விடுமுறையில் ஃபெக்டரி ஒபீஸில் வேலை பழகினான். சேர் தினமும் வந்து பார்ப்பார்.

மலைச்சாரல்:
எங்கள் துரைக்கு என்னைத் தெரியாது ஐயா. கோயில் திருவிழாவில் எட்ட நின்று பார்த்ததுதான். அதனால் முடிவு செய்துவிட்டேன், கடை முதலாளியும் டீச்சரும்தான். முதலாளியிடம் நேற்றே கேட்டேன். "நீ போய்விட்டால் எனக்குத்தான் கஷ்டம், ஆனாலும் உள்ளதைச் சொல்லுவேன்" என்றார். சிங்களம் நன்றாகப் பேசுவார். டீச்சருக்கு அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"வணக்கம் டீச்சர். உயர்தரத்தில் உங்களிடம் கணக்கீடு படித்த செல்வி நான். படிவத்தில் என் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி தமிழ்ச்செல்வி என்று இருக்கும். ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனிக்கு விண்ணப்பிக்கிறேன். உங்கள் பெயரைப் போட அனுமதி தருவீர்களா? அழைப்பு வந்தால் எந்த நேரம் வசதி என்றும் சொல்லுங்கள். சீவி இத்துடன் இருக்கிறது. உங்களுக்கு வசதிப்படாவிட்டாலும் பரவாயில்லை டீச்சர்."

பதுளை டீச்சர்:
நன்றாக இருக்கிறது மகள். எந்த ஆண்டுப் பிரிவு என்பதை மட்டும் சேர். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு ஒரு வரி எழுதிச் சொல், எங்களுக்கு அது தெரிய வருவதே இல்லை.

பழைய தலவாக்கலையான்:
சரி மகள், துரைக்கு உன்னைத் தெரியாது என்றால் நான் வற்புறுத்தவில்லை. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். முதலாளியிடம் கடையின் பெயர் அச்சடித்த தாளில், ரப்பர் முத்திரையோடு ஒரு சேவைக் கடிதமும் வாங்கிக்கொள். எந்த மாதத்திலிருந்து, என்னென்ன வேலை என்று அதில் இருக்கட்டும். நேர்முகத்துக்குப் போகும்போது மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதே, போட்டோகொப்பியைக் கொடு.