மாசத்துக்கு ஐம்பது புத்தகம் படிப்பேன்னு சொன்ன பிள்ளை

மன்னார்குடி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு வாசிப்பு இலக்கு வைத்த கதையைப் பலரும் சொன்னீர்கள், என் வகுப்புக் கதையையும் கேளுங்கள்.

நாலாம் வகுப்பில் போய் இந்த மாசம் எவ்வளவு படிக்கப் போறீங்க என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஒரு பெண் ஐம்பது புத்தகம் என்றாள், பக்கத்தில் இருந்தவன் நாற்பது என்று சொல்லிவிட்டானாம். "நேத்து எத்தனை பக்கம் படிச்சே?" "ரெண்டு டீச்சர்." "சரி, இன்னைக்கு?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னைக்கும் ரெண்டுதான், ஆனா தப்பில்லாம" என்றாள். நானே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இவ்வளவு நல்ல இலக்கு வந்திருக்காது. தப்பு எங்கே வரும் என்று அவளுக்கே தெரியும். 'கொக்கு' என்பதைக் 'கெ' என்று ஆரம்பித்து, துணைக்காலைப் பார்த்ததும் டக்கென்று நின்று, திரும்ப வந்து சரியாகச் சொல்வாள். அப்படி நிற்கிற இடங்கள் குறைகிறதா என்றுதான் பார்க்கிறேன், புத்தகத்தை எண்ணுவதில்லை.

2023-இல் தமிழக அரசு பள்ளிகளுக்குக் கொண்டுவந்த வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் இதற்கு ரொம்பத் தோது. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கும், எல்லாமே சின்னப் புத்தகம். அஞ்சாம் வகுப்புப் பையன் 'நுழை' எடுக்கக் கூச்சப்படுவான், "தம்பிக்குப் படிச்சுக் காட்டுடா" என்று கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

புத்தகத்தை அவர்களையே எடுக்க விடுவேன். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கணும், அஞ்சு விரலும் மடங்கினால் அது இப்போதைக்கு வேண்டாம். (அட்டையில் யானை இருந்தால் விரல் மடங்கவே மடங்காது, அது வேறு கதை.) 1931-இல் எங்கள் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஓடியது, அதைத் தொடங்கியவர் கனகசபைப் பிள்ளை, துணை நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதே வருஷம் வந்த ரங்கநாதனுடைய ஐந்து நூலக விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. அந்த வாசகர் எட்டு வயசுப் பிள்ளையானால் விரல் மடக்கித்தான் கண்டுபிடிக்கணும்.

அப்புறம், இலக்கு வருஷம் முழுக்க ஒரே அளவாக இருக்கக் கூடாது. சம்பா நடவு சமயத்தில் அம்மா விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுவார், மூத்தது தங்கச்சிக்குத் தலை சீவிவிட்டுக் கூட்டிக்கொண்டு வரணும். ஐப்பசி மழையில் சாயங்காலமானால் கரண்டும் போய்விடும். அப்போதெல்லாம் தயங்காமல் பாதியாகக் குறைத்துவிடுவேன். சும்மா உட்கார்ந்திருக்கிற மழை லீவில் பிள்ளையே கூட்டிக்கொள்ளும்.

ஒரு அப்பா வந்து, "படிச்சதையே திரும்பத் திரும்பப் படிக்கிறான், இதெல்லாம் கணக்குல வருமா டீச்சர்?" என்று கேட்டார். ஏன் வராது? அவன் தினமும் படித்துக் காட்டுவது எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு. அவர் நடுநடுவே "அந்த நரி ஏன்டா அங்க போச்சு?" என்று கேட்க, பதில் சொல்ல இவன் மறுபடி முந்தின பக்கத்தைப் புரட்டுகிறான். நட்சத்திரம் ஒட்டுகிற அட்டையை நான் நிறுத்தியதே இதனால்தான், நட்சத்திரத்துக்காகப் பக்கத்தைத் தள்ளுகிற பிள்ளை எதுக்கும் திரும்பிப் போகாது.

எனக்கும் ஒன்று தெரியணும். அஞ்சாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளைக்கு, மற்றவர்கள் முன்னால் கூச்சப்படாதபடி முதல் இலக்கை எப்படி வைத்தீர்கள்? தம்பியும் இல்லை, அப்பாயியும் இல்லை அவனுக்கு.