புதுப்பிப்பு: அவித்த கடலையில் உப்பு ஏறாத பிரச்சினை தீர்ந்தது

காய்ந்த, தோல் உரிக்காத வேர்க்கடலையைக் குக்கரில் 5 விசில் விட்டும் பருப்பு வேகவில்லை, உப்பும் தோலோடு நின்றுவிட்டது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"இரவே உப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், வெந்ததும் வடிக்காதீர்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அரை கிலோ கடலையை மண் போக அலசி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 3 மேசைக்கரண்டி கல் உப்பு கரைத்து 10 மணி நேரம் ஊறவைத்தேன். கடலை மிதக்கும், அதனால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துக் கனம் வைத்தேன். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் அதே அளவு உப்பும் சேர்த்து, முதல் விசிலுக்கு அப்புறம் சிறுதீயில் 45 நிமிடம். குக்கரைத் திறந்ததும் ஒன்றை உரித்துப் பார்த்தேன். நன்றாக வெந்திருந்தது, ஆனால் சப்பென்று இருந்தது. மனம் தளராமல் அந்தத் தண்ணீரிலேயே 2 மணி நேரம் விட்டேன். ஆற ஆறத்தான் உப்பு உள்ளே இறங்கியது!

எதிர்பாராதது ஒன்று: வடித்து வெளியே வைத்த மிச்சம் மறுநாளே பிசுபிசுத்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்தது நன்றாக இருக்கிறது.

அப்புறம், வயலிலிருந்து வந்த பச்சைக் கடலை கிடைத்தால் ஊறவே வேண்டாம். அதற்கு 4 விசில் போதுமானதாக இருந்தது.