120 வாட்டிலேயே இ.எம்.ஜி. (தசையின் மின்சிக்னல்) ஏறுகிறது: களைப்பு எல்லையை எப்படி எடுப்பது?

பிசியோ மாணவி:
முதுநிலை இரண்டாம் வருட ப்ராஜெக்ட்டுக்காகத் தொடைத் தசையின் களைப்பு எல்லையை அளக்கிறேன். எத்தனை வாட் வரை தசை களைக்காமல் சைக்கிள் மிதிக்கும் என்பதுதான் கேள்வி. டெவ்ரீஸ் குழுவினர் 1982-இல் சொன்ன வழியை ஒட்டியே செய்கிறேன். வாஸ்டஸ் லேட்டராலிஸ் (தொடையின் வெளிப்பக்கத் தசை) மேல் எலக்ட்ரோடு ஒட்டி, நாலு வெவ்வேறு வாட்டில் மிதிக்க வைக்கிறேன். நேரம் போகப்போக இ.எம்.ஜி. வீச்சு எவ்வளவு ஏறுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் சாய்வு எடுத்து, வாட்டுக்கு எதிராகப் புள்ளி வைத்து, சாய்வு பூஜ்யமாகும் வாட்டைக் கணக்கிடுகிறேன்.

முதல் பையனுக்கு நாலு புள்ளியும் நேர்கோட்டில் விழுந்தன. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு 120 வாட்டிலேயே வீச்சு ஏறுகிறது. தினமும் ஓடுகிற பெண். இறங்கும்போது மூச்சுகூட வாங்கவில்லை. அவளுடைய எல்லையைத் தப்பாக எழுத எனக்கு மனசு வரவில்லை. எங்கே கோளாறு?

லேப்காரர்:
முதலில் தோலைப் பாரும்மா. முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். வியர்வையில் ஓரம் கிளம்பினாலே சிக்னல் கெட்டுவிடும். வயரையும் தொடையோடு சேர்த்து டேப் போடு. ஆடினால் அதுவும் பதிவாகும்.

அப்புறம், மிதிக்கும் வேகம் ஒரே மாதிரி இருந்ததா? களைத்த தசை நார்களின் விசை குறையும்போது உடம்பு புதிய நார்களைச் சேர்க்கும். வீச்சு ஏறுவது அதனால்தான். ஆனால் களைப்பே இல்லாமல் ஒவ்வொரு மிதிக்கும் விசை கூடினாலும் வீச்சு ஏறும். மீடியன் ஃப்ரீக்வென்சி (சிக்னலின் நடு அலைவெண், களைத்தால் இறங்கும்) இறங்குகிறதா என்றும் பார். ஆனால் அதை மட்டும் நம்பாதே. காலை நீட்டி அசையாமல் பிடிக்கிற சோதனையில் தெளிவாக இறங்கும். சைக்கிளில் தசை சூடேறுவதால் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

மிதிவண்டிப் பிரியன்:
எலக்ட்ரோடு இல்லாமல் ஒரு குறுக்குச் சோதனை செய்து பாருங்கள் சகோதரி. மோனோ, ஷெரர் இருவரும் 1965-இல் சொன்ன கிரிட்டிகல் பவர், அதாவது நெடுநேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச வாட். என் கணக்கையே தருகிறேன்: 300 வாட்டில் 3 நிமிடம் தாங்கினேன், 240 வாட்டில் 10 நிமிடம். செய்த வேலை 54,000 ஜூல், 144,000 ஜூல். வித்தியாசத்தை 420 விநாடியால் வகுத்தால் சுமார் 214 வாட். ஆனால் இரண்டே புள்ளி போதாது. மூன்று நான்கு சோதனை, வெவ்வேறு நாளில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் கால் நிற்கும் வரை மிதிக்க வேண்டும், அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிசியோ மாணவி:
லேப் அண்ணா, நீங்கள் கேட்டதும் ஃபைலைத் திறந்து பார்த்தேன். நிமிடத்துக்கு 70 சுற்றில் தொடங்கியவள் கடைசியில் 58-க்கு வந்திருக்கிறாள். எங்களுடையது காந்த பிரேக் சைக்கிள். மெதுவாக மிதித்தால் வாட்டை அப்படியே வைத்திருக்க அதுவே பிரேக்கை இறுக்கிவிடும். 70-க்கும் 58-க்கும் கணக்குப் போட்டால் மிதிக்கு 20 சதவீதம் கூடுதல் விசை! நான் திரையில் இ.எம்.ஜி.யை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், சுற்றைக் கவனிக்கவே இல்லை.

இன்று மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்து 70-இலேயே மிதிக்க வைத்தேன். 120 வாட்டில் வீச்சு ஏறவே இல்லை. மற்ற மூன்று வாட்டையும் திங்கட்கிழமை திரும்ப எடுக்கிறேன். முதல் பையனையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன், அவனுடைய சுற்றையும் நான் பார்க்கவில்லையே.