எஃப்ரன் ரெயஸ்: நைன்-பாலிலும் அவர்தான் முதலிடமா?

பிரேக்பாக்ஸ்:
வம்பை நானே தொடங்கி வைக்கிறேன். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் பூல் மேசையில் மந்திரவாதிதான், மறுக்கவில்லை. அதற்காக நைன்-பாலில் (1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளில் சின்ன எண்ணையே முதலில் தொட்டு, 9-ஐக் குழியில் போட்டவர் ஜெயிக்கும் ஆட்டம்) எல்லாக் காலத்துக்கும் அவரே முதல் ஆள் என்றால் எப்படி? யு.எஸ். ஓப்பன் நைன்-பால் பட்டம் அவருக்கு ஒன்றே ஒன்று, 1994-இல். அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு ஐந்து. 1996-இல் டல்லாஸில் எதிராளிக்கு ஓர் அடிகூடத் தராமல் தொடர்ந்து 11 ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) முடித்தவரும் ஸ்ட்ரிக்லண்ட்தான். நைன்-பாலில் பிரேக், அதாவது அடுக்கை உடைக்கும் முதல் அடி, பாதி ஆட்டம். ரெயஸுக்குச் சுமாராக இருந்தது அதுதான்.

கோணக்கணக்கு:
அமெரிக்கர் அல்லாத ஒருத்தர் அந்தப் பட்டத்தை முதன்முதலா வாங்கினதே 1994-லதான். அதை ஏன் விட்டுட்டீங்க? 1999-ல கார்டிஃப்ல உலக நைன்-பால் பட்டமும் வாங்கினார். அதே ஸ்ட்ரிக்லண்டோட 1996-ல ஹாங்காங்ல முதல்ல 120 ரேக் எடுக்கறவருக்கு ஒரு லட்சம் டாலர்னு ஆடினப்போ முடிவு 120-117. ஜெயிச்சது ரெயஸ்.

விதியையும் பாருங்க. பழைய புஷ்-அவுட் ஆட்டத்துல, அடிக்க வேண்டிய பந்து வேற பந்துக்குப் பின்னால மறைஞ்சிருந்தா, கோலால அடிக்கற வெள்ளைப் பந்தைச் சும்மா தள்ளி வச்சுடலாம். டெக்சஸ் விதி வந்தப்புறம் ஒரு ஃபவுல் (தப்பு அடி) செஞ்சாலே வெள்ளைப் பந்து எதிராளி கைக்குப் போயிடும், மேசைல எங்க வேணாலும் வச்சுக்குவார். தொடர்ந்து மூணு ஃபவுல்னா ரேக்கே போச்சு. மறைப்புல இருந்து குஷன் (மேசை ஓர ரப்பர்) வழியா வெளிய வர்றது அப்பதான் உயிர் காக்கிற வித்தை ஆச்சு.

கேரம்கை:
1995 ரீனோ இறுதிப் போட்டியில் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக ரெயஸ் அடித்த, வெள்ளைப் பந்து இரு குஷன்களில் பட்டு Z வடிவில் போன அந்த 'இசட்' அடி வெறும் கோணக் கணக்குதானே? கேரம் போர்டில் கட்டையில் அடித்துத் திரும்பி வந்து காய் போடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கோணக்கணக்கு:
ஸ்ட்ரைக்கர் வழுக்கும், பந்து உருளும். வித்தியாசமே அங்கதான். வெள்ளைப் பந்து ஒரு நீளக் குஷன்ல பட்டு, எதிர் நீளக் குஷனுக்குப் போகுது. முதல் குஷன் ரப்பர் உரசறதால பந்துக்குப் பக்கச் சுழல் ஏறும். எதிர்ப்பக்கம் போய்ப் படும்போது அதே சுழல் தலைகீழா வேலை செஞ்சு பந்தைப் பிடிச்சு இழுக்கும். அதனால படுகோணமும் மீள்கோணமும் சமம்னு கணக்குப் போட்டா, பந்து நினைச்ச இடத்துக்கு முன்னாடியே திரும்பிடும். முதல் அடியையே இன்னும் சாய்வா அனுப்பணும். வேகத்தையும் சேர்த்துக்கணும், ஓங்கி அடிச்சா குஷன் அழுந்திக் கோணம் இன்னும் சுருங்கும். இவ்வளவையும் சரி பண்ணித் தொட்டாலே போதும். ரெயஸ் பந்தைக் குழியிலயும் போட்டு, அடுத்த பந்துக்கு வெள்ளையையும் நிறுத்தினார்.

பிரேக்பாக்ஸ்:
அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று அந்த இடத்தில் ஜம்ப் க்யூவை எடுப்பார்கள். 40 அங்குலத்துக்குக் குறையாத குட்டைக் கோல், கல் மாதிரி பினாலிக் முனை. தடையாக நிற்கும் பந்துக்கு மேலே வெள்ளைப் பந்து தாண்டிப் போய்விடும். ரெயஸின் பெரிய ஆயுதத்துக்கு இன்று பாதி விலைதான்.

கோணக்கணக்கு:
தடைப் பந்து வெள்ளையை ஒட்டினாப்பல இருந்தா எந்த ஜம்ப் க்யூவும் உதவாது. நல்ல சேஃப்டி (எதிராளி அடிக்க முடியாதபடி மறைச்சு வைக்கறது) ஆடறவங்க அப்படித்தான் ஒட்டி வைப்பாங்க. தாண்டின பந்து குதிச்சுக்கிட்டே போறதால அது எங்க நிக்கும்னும் பிடி இருக்காது.

பிரேக்குக்கு வருவோம். அப்போ மர முக்கோணத்துல அடுக்குவாங்க, பந்துகளுக்கு நடுவுல மயிரிழை இடைவெளி விழும், ஓங்கி அடிக்கறவன் ராஜா. இப்போ துளை போட்ட மெல்லிய தாள் மேல அடுக்கறதால எல்லாம் ஒட்டி நிக்குது. ரெயஸோட அளவான அடிக்கு இதுதான் தோது.

பிரேக்பாக்ஸ்:
அங்கேதான் சறுக்குகிறீர்கள். ஒட்டி நின்ற அடுக்கில் ஓரத்திலிருந்து மெதுவாக அடித்தாலே அடுக்கின் பக்க ஓரத்துச் சிறகுப் பந்து மூலைக் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுக்கத்தானே அடுக்கின் முனையில் இருக்கும் 1-க்குப் பதில் நடுவில் இருக்கும் 9-ஐ மேசைப் புள்ளியில் வைத்தார்கள்? பந்தின் விட்டம் 57 மி.மீ. அடுக்கு இரண்டு வரிசை முன்னால் வருகிறது, கிட்டத்தட்ட 10 செ.மீ. சிறகுப் பந்தின் பழைய தடம் போயிற்று. பிரேக் பெட்டி (வெள்ளையை வைக்க நடுவே குறித்த கட்டம்) வந்ததும் ஓரத்திலிருந்து அடிப்பதும் நின்றது. போதாததற்கு மூன்று புள்ளி விதி: குழியில் விழுந்தவையும் தலைக்கோட்டை (பிரேக் அடிப்பவர் பக்கத்துக் கோடு) தாண்டியவையும் சேர்த்து மூன்று பந்தாவது தேற வேண்டும். மெதுவாக அடித்தால் எங்கிருந்து தேறும்?

கோணக்கணக்கு:
மூணு புள்ளி விதி எல்லாப் போட்டியிலும் இல்லை. இருக்கற இடத்துல உங்க வாதம் சரி.

எட்டாம்பந்து:
நைன்-பாலை வைத்தே ரெயஸை அளக்கிறீர்களே! அவர் சிகரம் ஒன்-பாக்கெட். 15 பந்தில் ஏதாவது எட்டுப் பந்துகளை உனக்குரிய ஒரே மூலைக் குழியில் போட வேண்டும். அங்கே பிரேக் பலத்துக்கு வேலையில்லை, பொறுமையும் குஷன் அறிவும்தான். பல ஆட்டங்களைச் சேர்த்து மதிப்பிடும் டெர்பி சிட்டி கிளாசிக்கின் ஒட்டுமொத்தப் பட்டம் ஐந்து முறை அவருக்கு. 2004-இல் ஃபுஜைராவில் உலக எய்ட்-பால் பட்டம்.

பட்டக் கணக்கிலும் ஒரு ஓட்டை. 1954-இல் பிறந்தவர், அமெரிக்கா வந்தது 1985-இல். ஹூஸ்டனில் சீசர் மொராலெஸ் என்ற பொய்ப் பெயரில் பந்தய ஆட்டம் ஆடினார், சொந்தப் பெயர் தெரிந்தால் எவனும் பணம் கட்ட மாட்டான் என்று. ஸ்ட்ரிக்லண்ட் அதற்கு முந்தைய ஆண்டே முதல் யு.எஸ். ஓப்பனை வாங்கிவிட்டார்.

பிரேக்பாக்ஸ்:
பந்தய ஆட்டத்தைச் சாதனைப் பட்டியலில் சேர்க்க முடியாதே.

எட்டாம்பந்து:
பட்டியலில் சேர்க்க வேண்டாம், பிழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006-இல் ரீனோவில் ராட்னி மாரிஸை வென்று ஐந்து லட்சம் டாலர் பரிசு என்றார்கள். நடத்திய நிறுவனத்திடம் பணம் இல்லை, சொன்னபடி மொத்தமாகக் கைக்கு வரவில்லை. பந்தய மேசையிலாவது ஆட்டம் முடிந்ததும் கையில் பணம்.

பிரேக்பாக்ஸ்:
ஒன்-பாக்கெட்டில் அவர்தான், அதில் சண்டையே இல்லை. நைன்-பாலில் என் ஓட்டு இன்னும் ஸ்ட்ரிக்லண்டுக்கே. அந்த 120-117-ஐ மட்டும் என்னால் எங்கேயும் ஒளித்து வைக்க முடியவில்லை.