பொருள்: 'பெர்சிஸ்டன்ட் கனெக்‌ஷன்' – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். சென்னை பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பிஎச்பி (இணையதள நிரல்மொழி) பாடக்குறிப்பு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான ஒருவகை இணைப்பைக் குறிக்கும் இந்த ஒரு சொல்தான் பாக்கி. 'நிலைத்த இணைப்பு' போதுமா?

---

> நிலைத்த இணைப்பு

வேண்டாம் ஐயா. நிலைத்தது என்றால் அறாதது என்று மாணவர் எடுத்துக்கொள்வார். ஸ்கிரிப்ட் முடிந்ததும் மூடவேண்டிய இணைப்பை மூடாமல், அந்த பிஎச்பி வொர்க்கர் (கோரிக்கைகளை நிறைவேற்றும் புரோகிராம்) தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அடுத்த கோரிக்கை அதே ஹோஸ்ட் (சர்வர்), யூசர், பாஸ்வேர்டோடு வந்தால் அதையே எடுத்துக் கொடுக்கிறது. சும்மா கிடந்தால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அறுத்துவிடும்: வெயிட் டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) இயல்பாக 28,800 நொடி, அதாவது எட்டு மணி நேரம். 'விடா இணைப்பு' என்போம். விடாமுயற்சி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

---

சேர்த்தெழுதினால் உடம்படுமெய் வந்து 'விடாவிணைப்பு' ஆகும். மாணவர் 'விணைப்பு' என்றால் என்ன என்று கேட்பார்.

'இணை' என்பதே இரண்டு கூடியது, இணைபிரியாத என்கிறோமே. ஒரு வொர்க்கர், ஒரு இணைப்பு: பொருள் பொருந்துகிறது. ஆகவே இதை யாரும் 'இணைப்புக் குளம்' (கனெக்ஷன் பூல்) என்று எழுதிவிடாதீர்கள். குளத்தில் எவரும் மொண்டுகொள்ளலாம். இங்கே ஆளுக்கொரு குடம். 200 வொர்க்கர் ஆளுக்கொன்று பிடித்தால், மைஎஸ்கியூஎல்லின் இயல்பு வரம்பான 151 தாண்டி 1040 பிழை (இணைப்புகள் மிகுதி) வரும்.

---

சொல்லைவிடப் பாடத்தில் விடுபடக் கூடாதது வேறு. மைஎஸ்கியூஎல்லுக்கு இத்தகைய இணைப்பைத் திறந்த பழைய கட்டளையான பிகனெக்ட், 2015இல் வந்த பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டது. மைஎஸ்கியூஎல்ஐ என்னும் பிஎச்பி நீட்சியில் ஹோஸ்ட் பெயருக்கு முன் 'பி:' சேர்க்க வேண்டும். பிடிஓ என்னும் மற்றொரு நீட்சியில் பெர்சிஸ்டன்ட் விருப்பத்தை ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதே கொடுக்க வேண்டும். பிறகு கொடுத்தால் எடுபடாது. முந்தைய கோரிக்கை விட்டுப்போன டெம்ப்ரரி டேபிள், டேபிள் பூட்டு, செஷன் மாறிகளை மைஎஸ்கியூஎல்ஐ துடைத்துவிட்டுத் தரும், பிடிஓ துடைக்காது. அந்த மிச்சத்துக்கு 'எச்சம்' என்றே பெயர் வையுங்கள். எஞ்சியது எச்சம், இலக்கண வகுப்பிலேயே கேட்ட சொல்.

இணைப்புக்கு என் பரிந்துரை 'தக்கவைத்த இணைப்பு'. பக்கத்தில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதும் இருக்கட்டும். பிழைச்செய்தியைத் தேட அதுதான் உதவும்.

---

'எச்சம்' அருமை. 'தக்கவைத்த இணைப்பு' எனக்கும் சரி.

---

எனக்கும். அச்சுக்கு அனுப்புங்கள்.

---

நன்றி. 'தக்கவைத்த இணைப்பு (பெர்சிஸ்டன்ட்)' என்றே அனுப்புகிறேன்.

---

> தக்கவைத்த

அது இறந்தகாலப் பெயரெச்சம் ஐயா. இணைப்பை வொர்க்கர் இன்னும் விடவில்லையே; காலம் காட்டாத 'விடா' அல்லவா வேண்டும்? அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.