டூரண்ட் இறுதி 2023: ஈஸ்ட் பெங்கால் கேலரியில் உட்கார்ந்து பார்த்தது

கொல்கத்தாவில் டெர்பி, அதாவது ஒரே ஊரின் இரண்டு கால்பந்து அணிகள் மோதும் ஆட்டம், ஆண்டுக்குச் சில முறை வரும். ஆனால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஒரு கோப்பைக்காகவே நேருக்கு நேர் நிற்பது அபூர்வம். டூரண்ட் கோப்பை என்ற கால்பந்துத் தொடரின் இறுதியில் இந்த இரண்டும் முன்பு மோதியது 2004-ல், டெல்லியில். அன்று ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது. அதன் பிறகு 19 வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 3-ம் தேதி, கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் மறுபடி அந்த ஆட்டம் வந்தது. அதுவரை ஆளுக்கு 16 டூரண்ட் கோப்பைகள். பதினேழாவது யாருக்கு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

வேலைக்காகக் கொல்கத்தா வந்த எனக்கு இந்த இரண்டில் எந்தப் பக்கமும் பிறப்பால் கிடையாது. ஈஸ்ட் பெங்கால் பக்கம் போனதற்கு ஒரே காரணம் நந்தகுமார் சேகர். சென்னைப் பையன். ஒடிசா அணிக்கு ஆடிவிட்டு அந்த வருடம்தான் இங்கே வந்திருந்தார். ஆகஸ்ட் 12-ம் தேதி, அதே டூரண்டின் குரூப் ஆட்டத்தில், வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடது காலால் அவர் வளைத்து அடித்த கோலில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. 2019 ஜனவரிக்குப் பிறகு டெர்பியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. நாலரை வருடம் டெர்பியில் வெற்றியே பார்க்காதவர்களுக்கு அந்த ஒரு கோல் என்ன செய்தது என்பதை மறுநாள் டீக்கடையில் பார்த்தேன். நான் தமிழன் என்று தெரிந்ததும் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அரையிறுதியிலும் அவர்தான். நார்த் ஈஸ்ட் யுனைடெட்டிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த ஆட்டம். மகேஷ் சிங் பக்கம் இருந்து ஒரு கோல் வந்தது. இஞ்சுரி டைமில் நந்தகுமார் அடித்து 2-2 ஆக்கினார். பிறகு பெனால்டியில் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் இறுதியை டிவியில் பார்க்க மனம் வரவில்லை.

என் அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பரம்பரை மோகன் பகான். அவர் வீட்டில் 1911-ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பையை ஜெயித்த அணியின் படம் மாட்டியிருக்கும். இறுதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை அவர் என்னிடம், "திங்கள்கிழமை பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமெல்லாம் இல்லை. இங்கே அது ஒரு மரியாதை.

அன்று மதியத்திலிருந்தே பைபாஸ் சாலை முழுக்க மேட்டடோர் எனும் சின்ன சரக்கு வண்டிகள். ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு மஞ்சள் கொடி பறக்க ஒன்று போனால் பின்னாலேயே மோகன் பகானின் பச்சை மெரூன் கொடியோடு இன்னொன்று. சிக்னலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பாட்டுப் போட்டி. ஒரு வண்டியில் அட்டையில் செய்த பெரிய இறால் ஒன்றை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மோகன் பகானுக்கு இறால், ஈஸ்ட் பெங்காலுக்கு இலிஷ், அதாவது நம்மூரில் உள்ளம் மீன். எந்த அணி ஜெயிக்கிறதோ அதன் மீனுக்குச் சந்தையில் மவுசு. மைதானத்தில் இரு பக்கத்து ரசிகர்களுக்கும் வாசலே தனித்தனி. அதனால் உள்ளே போனால் உங்களைச் சுற்றி ஒரே நிறம்தான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அறுபது தாண்டியவர். எல்லோரும் காகு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். குடும்பம் பிரிவினையில் டாக்கா பக்கமிருந்து வந்தது. "அப்பாவுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. இந்த கிளப் மட்டும் இருந்தது" என்றார். கிளப் அதற்கும் முந்தையது. 1920-ல் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஷைலேஷ் போஸ் என்ற வீரரை ஜோராபகான் அணி ஒதுக்கிவைக்க, அந்தக் கோபத்தில் வெளியேறியவர்கள் தொடங்கியது. ஆனால் அது இவர்களுடைய வீடாக மாறியது 1947-க்குப் பிறகுதான். 1975 ஷீல்டு இறுதியை அவர் சின்னப் பையனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. ஷியாம் தாபா இரண்டு கோல். சுரஜித் சென்குப்தாவின் முதல் கோலை விரலால் காற்றில் வரைந்து காட்டினார். நான் நந்தகுமார் ஊர்க்காரன் என்றதும் கழுத்தில் இருந்த மஃப்ளரைக் கழற்றி என் தோளில் போட்டார். செப்டம்பர் வெயிலில் அதை நான் கழற்றவே இல்லை.

முதல் பாதி இறுக்கமாகப் போனது, சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. 62-வது நிமிடத்தில் மோகன் பகானின் அனிருத் தாபா காலை மிக உயரத் தூக்கி ஈஸ்ட் பெங்காலின் சிவேரியோ மேல் மோதினார். இரண்டாவது மஞ்சள் அட்டை, அப்புறம் சிவப்பு, வெளியே போக வேண்டியதுதான். எங்கள் கேலரியில் அந்த நிமிடமே கோப்பை வந்துவிட்ட மாதிரி ஆட்டம். முன் வரிசையில் ஒரு பையன் அழுதேவிட்டான். காகு மட்டும் உட்கார்ந்தபடியே, "பத்து பேர் ஆனால்தான் அவர்கள் ஆபத்து" என்றார்.

ஒன்பது நிமிடம்தான். 71-வது நிமிடத்தில் நடுக்களத்தில் பந்தை வாங்கிய திமித்ரி பெட்ராட்டோஸ் யாரும் வந்து மறிக்காததால் ஓடிக்கொண்டே வந்தார். பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் அடித்தார். எங்கள் கோல்கீப்பர் கில் பாய்ந்தார், கை எட்டவில்லை. எதிர்ப்பக்கம் வெடித்த சத்தம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் மேல் வந்து விழுந்தது.

அந்தக் கோலை நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்ததும் ஈஸ்ட் பெங்கால் மொத்தமாக முன்னேறிப் போனது, பின்னால் அவ்வளவு பெரிய மைதானம் காலியாகக் கிடந்தது. பெட்ராட்டோஸ் போன்ற ஒருவருக்கு அந்த இடம் போதும். ஆனால் அதற்குப் பிறகு மோகன் பகான் தடுத்து ஆடிய விதத்தை நான் பாராட்டியே ஆக வேண்டும். பத்துப் பேரும் ஒரு கயிற்றில் கட்டியது போல நகர்ந்தார்கள். நந்தகுமார் உள்ளே வெட்டி வரும்போதெல்லாம் இரண்டு பேர் நின்றார்கள். கேலரி முழுக்க "நந்தா, நந்தா" என்று கத்தியது. தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத டெர்பி வாழ்க்கை அவருக்கு. பந்து அவர் காலுக்குப் போனாலே ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1-0. பதினேழாவது கோப்பை மோகன் பகானுக்கு. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து நந்தகுமாருக்குக் கிடைத்தது. தோற்ற கேலரியில் பாதிப்பேர் அதுவரை இருந்து, அவர் பெயரைச் சொன்னதும் கைதட்டினார்கள். காகுவும் இருந்தார். மஃப்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை, என் போன் நம்பரைத்தான் வாங்கிக்கொண்டார்.

திங்கள்கிழமை அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் டப்பாவில் இறால் மலாய் கறி கொண்டு வந்திருந்தார். சீண்டல்தான், ஆனால் எனக்குத்தான் முதலில் பரிமாறினார். நன்றாகவே இருந்தது.

அடுத்த ஜனவரியில் புவனேஸ்வரில் சூப்பர் கப் என்ற இன்னொரு தொடர். குரூப் ஆட்டத்தில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று அடித்தது, நந்தகுமார் ஒரு கோல். இறுதியில் ஒடிசாவை எக்ஸ்ட்ரா டைமில் 3-2. அதிலும் அவர் ஒரு கோல். 2012-க்குப் பிறகு அந்த கிளப்புக்கு வந்த முதல் தேசியக் கோப்பை. அன்றிரவு காகு போன் செய்தார். பேசியதில் பாதி அழுகை, மீதி சிரிப்பு. கடைசியில், பிப்ரவரி 3 டெர்பிக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.