டெட்பூல் 2 பார்த்த அனுபவம்: அதிர்ஷ்டமும் ஒரு சக்திதான்!

கோவை உறுப்பினர்:

சூப்பர்ஹீரோ படத்துக்கு இரண்டாம் பாகம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். முதல் பாகத்தில் எடுபட்ட ஜோக்கையே இன்னும் சத்தமாகச் சொல்லி, வெடிகுண்டுச் செலவை மட்டும் ஏற்றிவிட்டு அனுப்புவார்கள். 2018 மே மாதம் டெட்பூல் 2-க்கு அந்த நினைப்போடுதான் போய் உட்கார்ந்தேன். முதல் பாகம் எடுத்த டிம் மில்லர் வேறு இதில் இல்லை.

ஆனால் எனக்கு முதல் பாகத்தைவிட இதுதான் பிடித்தது. முதல் படத்தில் டெட்பூலாக வரும் ரயன் ரெனால்ட்ஸ் பேசுவார், நாம் சிரிப்போம். அப்புறம் தனியாக ஒரு சண்டை வரும். இதில் சண்டைக்குள்ளேயே சிரிப்பு இருக்கிறது. இயக்குநர் டேவிட் லீச் ஸ்டண்ட் ஆளாக இருந்து வந்தவர் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.

டாமினோ வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸாஸி பீட்ஸ் நடித்த பாத்திரம். அவளுடைய சக்தி அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு சக்தியா, திரையில் காட்டினால் எடுபடவா போகிறது என்று டெட்பூல் நக்கலடிக்கிறான். பிறகு அவள் பாராசூட்டில் இறங்கி நடக்க ஆரம்பிக்கிறாள். சுற்றிலும் கார்கள் மோதுகின்றன, கண்ணாடி சிதறுகிறது, அவள் மேல் ஒரு கீறல் விழவில்லை. பதற்றமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள். இவன் வாயால் மறுக்க மறுக்க, கேமரா அவள் பக்கம் சாட்சி சொல்கிறது. சண்டையும் நகைச்சுவையும் ஒரே ஷாட்டில் நடப்பது அபூர்வம்.

அதற்குச் சற்று முன்னால், டெட்பூல் சேர்க்கும் எக்ஸ்-ஃபோர்ஸ் குழு வரும் காட்சிக்கு எங்கள் தியேட்டரே அதிர்ந்தது. டிரெய்லரில் அந்தக் குழுவைத்தான் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். டெர்ரி க்ரூஸ், பில் ஸ்கார்ஸ்கார்ட் என்று ஆள் சேர்த்து விமானத்திலிருந்து குதிக்க வைத்தால், காற்று பலமாக அடித்து ஒருவர் பின் ஒருவராகக் காலி! ஒருவர் பஸ் கண்ணாடியில், ஒருவர் ஹெலிகாப்டர் விசிறியில். கண்ணுக்கே தெரியாத வானிஷர் மின்கம்பியில் சிக்கி ஷாக் அடிக்கும்போதுதான் முகம் தெரிகிறது: பிராட் பிட். கண் சிமிட்டினால் போச்சு. ஃபைட் கிளப் படத்தில் பிராட் பிட்டுக்கு டூப் போட்டவரே இந்த லீச்தான். அது தெரிந்த பிறகு அந்தக் காட்சி எனக்கு இன்னும் இனித்தது.

குறை? ஜெயில் பகுதி இழுவை. ஜக்கர்நாட் என்ற ராட்சதனோடு வரும் சண்டை கிராபிக்ஸ் பொம்மைகளின் மல்யுத்தம். அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

சேலம் உறுப்பினர்:

அண்ணா, டாக்ஸி டிரைவர் டோபிந்தரை விட்டுவிட்டீர்களே! டெல்லியில் பிறந்த கரண் சோனி ஓட்டும் அந்த டாக்ஸிக்குள் ஏ.ஆர். ரஹ்மான் பாட்டு ஒலிக்கும். ஸ்வதேஸ் படப் பாட்டு. தமிழில் ‘தேசம்’ என்று வந்ததே, அதே படம். தியேட்டரில் எங்கள் வரிசை மட்டும் விசிலடித்தது. பக்கத்து வரிசைக்காரர்கள் என்ன ஆச்சு இவர்களுக்கு என்று திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்று, எக்ஸ்-ஃபோர்ஸில் சேரும் பீட்டர். எந்தச் சக்தியும் கிடையாது, விளம்பரம் பார்த்து வேலைக்கு வந்த மீசைக்காரர். எனக்கு டாமினோவைவிட அவர்தான்.

சென்னை உறுப்பினர்:

எல்லோரும் கொண்டாடுகிறீர்கள், எனக்கு ஒரு மனக்குறை. படம் தொடங்கியதும் டெட்பூலின் காதலி வனெஸ்ஸாவைக் கொன்றுவிடுகிறார்கள். முதல் பாகத்தில் ஹீரோவுக்குச் சமமாக வாயடித்தவள் அவள். நாயகனை அழவைக்க நாயகியைக் கொல்வதை நம்ம ஊர் பிளாஷ்பேக்குகளில் பார்த்துப் பார்த்துச் சலித்தாயிற்று. எல்லாப் படங்களையும் கிண்டல் செய்யும் படம் இதை மட்டும் ஏன் கிண்டல் செய்யவில்லை? கடைசியில் டைட்டில் ஓடும்போது கால இயந்திரத்தை வைத்து அவளைக் காப்பாற்றுவதும் ஏமாற்று வேலைதான். அப்படியென்றால் அதற்கு முன்னால் நாம் பட்ட வருத்தமெல்லாம் எதற்கு?

கோவை உறுப்பினர்:

நியாயமான கேள்வி. வனெஸ்ஸா விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 2024-இல் வந்த அடுத்த படத்திலும் உயிரோடு இருக்கிறாளே தவிர, பேசுவதற்கு அவளுக்கு அதிகம் தரவில்லை.

ஆனால் அந்தச் சோகம் வீண் என்று சொல்ல மாட்டேன். எதிர்காலத்திலிருந்து வரும், ஜோஷ் பிரோலின் நடித்த கேபிளும் மனைவியையும் மகளையும் இழந்தவன்தான். எதிர்காலத்தில் அவர்களைக் கொல்லப்போகும் ரஸ்ஸலை, சிறுவனாக இருக்கும்போதே முடித்துவிட வருகிறான். குடும்பத்தைப் பறிகொடுத்த இரண்டு பேர் ஒரு பையனுக்காக மோதிக்கொள்கிறார்கள், கதை அவ்வளவுதான். கடைசியில் ரஸ்ஸலைக் காக்க டெட்பூல் குறுக்கே பாய்ந்து வாங்கும் குண்டைத் தடுத்து நிறுத்துவது வனெஸ்ஸாவின் நினைவாக அவன் வைத்திருக்கும் விளையாட்டுக்கூட டோக்கன். அதற்கு முன்னால் டெட்பூல் சாகிறேன் சாகிறேன் என்று சாகாமல் வசனம் பேசிக்கொண்டே இருப்பான் பாருங்கள், சிவாஜி படத்து மரணக் காட்சியெல்லாம் அதன் முன் சுருக்கம்! சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

டைட்டில் காட்சிகளைப் பற்றிச் சொன்னீர்கள். வனெஸ்ஸாவை விடுங்கள், தான் முன்பு நடித்துத் தோற்ற கிரீன் லான்டர்ன் படத்தின் கதைப் பிரதியைக் கையில் வைத்திருக்கும் ரயன் ரெனால்ட்ஸையே டெட்பூல் சுட்டுத் தள்ளும் இடம் எனக்குப் போதும். எங்கள் தியேட்டரில் அதற்குள் பாதிப் பேர் பார்க்கிங்கில் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்கு: இது ஏ சான்றிதழ் படம், வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிறுவர்களும் பார்க்கும்படி வெட்டி ஒட்டி ஒரு வடிவம் விட்டார்கள். அது வேண்டாம், காரம் எடுத்த மிளகாய் பஜ்ஜி.